கேபிளில் ஒரு சிவப்பு அட்டை

அப்பா இறந்த இருபத்தாறாம் நாள், ஒரு சனிக்கிழமை காலை, புது ஹார்ட் டிஸ்க் ஒன்றை வாங்கிக்கொண்டு அம்மாவைப் பார்க்கப் போனேன். அப்பாவின் கம்ப்யூட்டர் இரண்டு மாதமாக ஓடவில்லை. ஆன் செய்தால் கறுப்புத் திரையில் வெள்ளையாக ஏதோ ஒரு வரி வருகிறது, அதோடு சரி என்று அம்மா போனில் சொல்லியிருந்தாள். டிஸ்க் செத்துவிட்டது என்று அப்போதே முடிவு கட்டிவிட்டேன். என் வேலையே இதுதான். ஒரு நிறுவனத்தின் சேமிப்புக் கருவிகளைப் பார்த்துக்கொள்கிறேன். தினமும் இரண்டு டிஸ்க்காவது சாகும். மாற்றிவிட்டு அடுத்ததைப் பார்ப்பேன்.

அம்மாவுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. அப்பாவின் குரல்.

அது வேறு எங்கும் இல்லை. போனில் குரல் செய்தி அனுப்பும் பழக்கம் அவருக்குக் கிடையாது. வீட்டில் எடுத்த வீடியோக்களில் கேமராவைப் பிடித்திருப்பவர் அவர்தான், ஒன்றிலும் வாய் திறக்கவில்லை. ஆனால் அந்தக் கம்ப்யூட்டரில் பன்னிரண்டு வருடம் பேசியிருக்கிறார், லிஃப்டுகளோடு.

அப்பா லிஃப்ட் மெக்கானிக். எந்த லிஃப்டைப் பார்க்கப் போனாலும் பையில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு ரெக்கார்டர் இருக்கும். மோட்டார் மேல் அதை வைத்து ஒரு நிமிடம் ஓடவிடுவார். முதலில் கட்டடத்தின் பெயர், லிஃப்டின் எண். அப்புறம் "ஆள் உள்ளே" என்பார். சத்தத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. கடைசியில் "ஆள் வெளியே." லிஃப்ட் ஓடும் கிணற்றுக்குள் இறங்குபவன், வெளியே சுவிட்ச் அருகே நிற்பவனுக்குக் கேட்கும்படி சொல்ல வேண்டிய வார்த்தைகள் அவை. ரெக்கார்டருக்கு அவற்றைச் சொல்லத் தேவையில்லை. ஆனாலும் சொல்வார். சாயங்காலம் வந்து எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டு ரெக்கார்டரைத் துடைத்துக் காலி செய்துவிடுவார். ஆறு மாதம் கழித்து அதே லிஃப்டைப் பார்க்கப் போகும்போது பழைய சத்தத்தைக் கேட்டுவிட்டுத்தான் கிளம்புவார்.

நான்கு திருகுகளையும் கழற்றிப் பெட்டியின் மூடியை எடுத்தேன். பழைய டிஸ்க்கிலிருந்து கேபிள்கள் இரண்டும் பிடுங்கப்பட்டிருந்தன. இரண்டையும் சேர்த்து நூலால் இறுக்கிக் கட்டி, நூலின் நுனியில் ஒரு சிவப்பு அட்டை தொங்கவிடப்பட்டிருந்தது.

"ஆள் வேலையில். சுவிட்சைப் போடாதே." லிஃப்டில் வேலை நடக்கும்போது மெயின் சுவிட்சில் கட்டும் அட்டை, அச்சடித்த எழுத்து. கீழே அப்பாவின் பெயர், தேதி. பால்பாயின்ட் பேனாவில், அவருடைய சாய்ந்த கையெழுத்து.

"அம்மா, இதை யார் கட்டினது?"

அம்மா சமையலறையிலிருந்து வந்து எட்டிப் பார்த்தாள்.

"என்கிட்ட ஒண்ணும் சொல்லலையே. அதைத் தொடாதே, பாப்பா வந்து பார்ப்பான்னு மட்டும் சொன்னாரு. மூடியைப் போட்டுட்டுக் கையைத் தட்டிக்கிட்டு எழுந்துட்டாரு. நான் என்னத்தைக் கண்டேன்?"

ஆக, டிஸ்க் தானாகச் சாகவில்லை. அவர் நிறுத்தி வைத்திருக்கிறார்.

நூலை அறுக்கக் கத்தரிக்கோலை எடுத்தேன். அம்மா கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அறுக்காதேடி. அதை அவருதான் கழட்டணும்."

"அம்மா..."

"எனக்குத் தெரியாதா? முப்பத்து நாலு வருஷம் அந்த மனுஷனோட குடும்பம் நடத்தியிருக்கேன். கட்டினவன்தான் கழட்டணும். சித்தப்பாவுக்குப் போன் பண்ணு."

சித்தப்பா என்றால் ரத்த உறவு இல்லை. அப்பாவோடு இருபது வருடம் ஜோடியாக வேலை செய்தவர். கம்பெனியில் எல்லோருக்கும் அவர் 'கிரீஸ்'. வெள்ளைச் சட்டை போட்டு வந்தாலும் ஓர் இடத்திலாவது கறை இருக்கும். போனில் விஷயத்தைச் சொன்னேன்.

"அண்ணன் கையெழுத்தா?"

"ஆமா சித்தப்பா."

"நான் வர்ற வரைக்கும் தொடாதே. கட்டினவன் வர முடியலைன்னா ரெண்டு பேர் சேர்ந்துதான் கழட்டணும். பின்னாடி கையெழுத்துப் போடணும். ஒரு சர்வீஸ் இருக்கு, முடிச்சிட்டு வந்துடறேன்."

"சித்தப்பா, அது லிஃப்ட் இல்ல, கம்ப்யூட்டர்."

"அட்டை அட்டைதானேம்மா."

காத்திருக்கும் நேரத்தில் புது டிஸ்க்கையாவது தயார் செய்யலாம் என்று உட்கார்ந்தேன். வழக்கமாக இரண்டையும் ஒரேயடியாக மாட்டிவிட்டுத்தான் ஆரம்பிப்பேன். அட்டை இருந்ததால் புதியதை மட்டும் மாட்டினேன். அதற்கு வேறு கேபிள் கொண்டுவந்திருந்தேன். பென் டிரைவிலிருந்து கம்ப்யூட்டரை எழுப்பினேன். திரையில் ஒரே ஒரு டிஸ்க் தெரிந்தது. ஐநூறு ஜிபி, காலி. முழுவதையும் ஒரே பகுதியாக வைத்துக்கொண்டேன். அடுத்தது ஃபார்மட், இருப்பதையெல்லாம் அழித்து டிஸ்க்கை எழுதத் தயாராக்குவது. விரைவாகவா, முழுவதுமாகவா என்று கேட்டது. விரைவு ஃபார்மட் பத்து விநாடியில் முடிந்துவிடும், பெயர்ப்பலகை மாட்டுவது போல. முழு ஃபார்மட் ஒவ்வொரு மூலையையும் தொட்டு, இடம் நல்லதா கெட்டதா என்று பார்க்கும். இரண்டு மணி நேரம் பிடிக்கும். ஆபீஸில் நான் முழுதாகச் செய்து வருடங்களாகின்றன.

அப்பா புது லிஃப்டை முதலில் காலியாக நூறு தடவை ஓட்டுவார். அப்புறம் மணல் மூட்டைகளை ஏற்றி ஓட்டுவார். மனிதர்கள் கடைசியில்.

முழு ஃபார்மட்டைத் தேர்ந்தெடுத்தேன். டிஸ்க்குக்குப் பெயர் கேட்டது. எழுதாமல் விட்டேன்.

மூன்று சதவீதம். அம்மா பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள்.

"எல்லாம் வந்துடுமா?"

"மாட்டிப் பார்த்தாத்தான் தெரியும்."

"வந்தா மட்டும் என்ன? அதுல என் பேச்சு ஒரு வரி இருக்காது. ஊர்ல இருக்கிற லிஃப்ட் எல்லாத்துக்கும் நலம் விசாரிச்சிருப்பாரு."

அப்பாவைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் அம்மா புகாரில்தான் தொடங்குவாள். துணி எடுக்கக் கடைக்குப் போனால் இவர் லிஃப்ட் வாசலில் தலையைச் சாய்த்துக்கொண்டு நிற்பார். "எந்தக் கலர் எடுக்கட்டும்?" என்று கேட்டால் "கதவு உரசுது" என்பார். யாராவது எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டால், "மேலயும் கீழயும் போயிட்டிருக்கேன்" என்பார். முப்பது வருடம் அதே ஜோக். சிரிக்க ஆள் கிடைக்காவிட்டால் அவரே சிரித்துக்கொள்வார்.

அவருக்குப் பெரிய படிப்பு இல்லை. முதல் வேலை ஒரு ஹோட்டலில் லிஃப்ட் இயக்குபவர். ஸ்டூலில் உட்கார்ந்து நாள் முழுக்கப் பொத்தானை அழுத்தும் வேலை. அந்த லிஃப்ட் நாலாவது மாடியைத் தாண்டும்போது ஒரு மாதிரி முனகுவதை அவர்தான் முதலில் கவனித்தார். மேனேஜரிடம் சொன்னார். சொன்னதை ஒருவரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பத்தாம் நாள் லிஃப்ட் நடுவழியில் நின்றது. உள்ளே ஆறு பேர், அவரையும் சேர்த்து. திறக்க வந்த மெக்கானிக்கிடம், எந்த இடத்தில் என்ன சத்தம் என்று வாயாலேயே செய்து காட்டினாராம். அந்த மெக்கானிக் அவரைத் தன்னோடு கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

நாற்பத்தோரு சதவீதம்.

"நீ பிறந்த அன்னிக்கு என்ன பண்ணினாரு தெரியுமா?" என்றாள் அம்மா.

தெரியும். நூறு தடவை கேட்டிருக்கிறேன். "சொல்லும்மா" என்றேன்.

"என்னை வார்டுல படுக்க வெச்சுட்டு, இதோ வரேன்னு கீழ போனாரு. மருந்து வாங்கத்தான். ரெண்டு மணி நேரம். நான் இங்க பல்லைக் கடிச்சுக்கிட்டு இருக்கேன். ஆஸ்பத்திரி லிஃப்ட் ஏதோ சத்தம் போட்டுச்சாம். மெஷின் ரூமுக்கு ஏறிப் போயிட்டாரு. உன்னை முதல் தடவை தூக்கினப்போ கை ரெண்டும் கறுப்பு. நர்ஸ் விட்ட டோஸ் இருக்கே! 'வரேன்'னாரு, வந்தாரு. அவரு கணக்குல அது சரிதான்."

அம்மா சிரித்தாள். பிறகு திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் அவளிடம் சொல்லாத ஒன்று இருந்தது. இரண்டு மாதம் முன்னால் ஒரு மத்தியானம் அப்பா போன் செய்தார். நான் ஒரு மீட்டிங்குக்குப் போய்க்கொண்டிருந்தேன். "பாப்பா, கம்ப்யூட்டர்ல ஒரு சத்தம் வருது. டக் டக் டக்னு மூணு தடவை. அப்புறம் சும்மா இருக்குது. மறுபடியும் மூணு" என்றார். "ஃபேனா இருக்கும்ப்பா. ஒரு சொட்டு எண்ணெய் விடுங்க" என்றேன். "ஃபேனா?" என்றார். "ஆமாம்ப்பா, நான் அப்புறம் பேசறேன்." அவ்வளவுதான். மூன்று தட்டு என்றால் டிஸ்க் சாகப்போகிறது என்று எனக்குத் தெரியும். தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். அன்று அவர் சொன்னதை நான் கேட்கவே இல்லை. அதைப் பற்றிக் கேட்க மறுபடி அழைக்கவும் இல்லை.

அட்டையில் இருந்த தேதி அந்தப் போனுக்கு மறுநாள்.

ஃபார்மட் முடிந்தது. கெட்ட இடம் ஒன்றும் இல்லை. ஒரு மணிக்கு அழைப்பு மணி அடித்தது. சித்தப்பா மூச்சு வாங்க நின்றார். மூன்று மாடியும் படியேறி வந்திருக்கிறார்.

"கீழ லிஃப்ட் கதவு உரசுது அண்ணி. படியில ஏறி ஒவ்வொரு மாடியிலயும் நின்னு கேட்டுட்டேன். சொல்லி வைங்க."

"இன்னொருத்தரு வந்துட்டாரு" என்றாள் அம்மா. "வாங்க. அந்தக் கறையோட சோபால உட்காராதீங்க."

அவர் உட்காரவே இல்லை. பெட்டிக்கு முன்னால் குந்தி, டார்ச்சை எடுத்து உள்ளே அடித்தார். கீழிருந்து மேலாக, ஒவ்வொரு மூலையாக. அட்டையைக் கழற்றும் முன் லிஃப்ட் கிணற்றை அப்படித்தான் பார்க்க வேண்டுமாம். பழக்கத்தில் குரலை உயர்த்தி, "உள்ள யாரும் இல்லையே?" என்று கேட்டுவிட்டார்.

ஒரு நிமிடம் எல்லோரும் பெட்டியையே பார்த்தோம். அம்மாவுக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. பிறகு அவருக்கும்.

அட்டையைத் திருப்பி அவர் கையெழுத்துப் போட்டார். பேனாவை என்னிடம் நீட்டினார். நானும் போட்டேன். நூலை அறுக்கவில்லை. இரும்பு பிடித்துத் தடித்த விரல்களால் முடிச்சைப் பொறுமையாக அவிழ்த்தார். "அண்ணன் முடிச்சு. எப்பவும் ரெண்டு சுத்து" என்றார்.

பழைய டிஸ்க்கை மாட்டினேன். ஆன் செய்தேன்.

டக். டக். டக். ஓய்வு. டக். டக். டக்.

சித்தப்பா தலையைச் சாய்த்தார். அப்பா சாய்க்கும் அதே கோணம்.

"இது ஃபேன் இல்லையேம்மா. அண்ணன் என்கிட்டே சொன்னாரு. பாப்பா ஃபேன்னு சொல்லுது, எனக்கு வேற மாதிரி கேட்குது, ஆனா அது படிச்ச பிள்ளைன்னு."

அம்மா என் பக்கம் திரும்பினாள். "நீயா சொன்னே?"

"நான்தான் சொன்னேன். சரியாக் கேட்காம சொன்னேன்."

அம்மா என் தோளில் ஒரு கையை வைத்தாள், எடுக்கவே இல்லை.

திரையில் ஒரு பெட்டி எழுந்தது. இந்த டிஸ்க்கைப் படிக்க முடியவில்லை, பயன்படுத்த வேண்டுமானால் ஃபார்மட் செய்ய வேண்டும், செய்யட்டுமா? இந்தக் கேள்விக்கு நான் ஆயிரம் தடவை 'ஆம்' அழுத்தியிருக்கிறேன். காலையில் இரண்டு டிஸ்க்கையும் சேர்த்து மாட்டியிருந்தால், புது டிஸ்க்குக்கான கேள்வி இது என்று நினைத்து யோசிக்காமல் அழுத்தியிருப்பேன். இப்போது புதியது தயாராக இருந்தது. ஆகவே இது எதைப் பற்றிய கேள்வி என்பதில் சந்தேகத்துக்கு இடமில்லை. 'இல்லை' அழுத்தினேன்.

படிக்க முடிகிற இடங்களை முதலில் நகலெடுத்துவிட்டு, முரண்டு பிடிக்கிற இடங்களுக்குக் கடைசியில் திரும்பி வரும் ஒரு மென்பொருளை ஓடவிட்டேன். பழையதிலிருந்து புதியதற்கு. டிஸ்க் மூச்சிரைத்துக்கொண்டு ஓடியது. நாங்கள் மூன்று பேரும் குரலைத் தாழ்த்திப் பேசினோம், தூங்குபவர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது போல. இரண்டு மணி நேரம் கழிந்து, தொண்ணூற்றாறு சதவீதத்தில், தட்டல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. பிறகு சுழற்சி இறங்கும் சத்தம், விசில் மாதிரி. நின்றுவிட்டது.

மறுபடி ஆன் செய்யக் கையை நீட்டினேன்.

"விடும்மா" என்றார் சித்தப்பா. "அது செய்யறதைச் செஞ்சுடுச்சு."

நகலைத் திறந்து எண்ணினேன். ஒலிக்கோப்புகள் நாலாயிரத்து நூற்றுப் பதினெட்டு. இருந்திருக்க வேண்டியவை நாலாயிரத்து முந்நூறுக்கு மேல். 'கண் ஆஸ்பத்திரி, இரண்டு', 'துணிக்கடை, சரக்கு லிஃப்ட்', 'வங்கி, பின்பக்கம்.' கடைசித் தேதியில் ஒரே கோப்பு. பெயர்: 'வீடு, கம்ப்யூட்டர், ஒன்று.' ஐம்பத்திரண்டு விநாடி. முப்பத்தெட்டு வரைதான் மீண்டிருந்தது.

ஓடவிட்டேன்.

"வீடு. கம்ப்யூட்டர். ஒண்ணு. ஆள் உள்ளே."

அம்மா தன் வாயைப் பொத்திக்கொண்டாள்.

டக் டக் டக்.

"பாப்பா சொன்ன மாதிரி ஃபேனுக்கு எண்ணெய் விட்டாச்சு. ஃபேன் இப்போ அருமையா ஓடுது. சத்தம் அது இல்ல. மூணு தட்டு, ஒரு மூச்சு. உள்ள ஏதோ ஒண்ணு கையை நீட்டுது, எட்டலை, திரும்புது."

டக் டக் டக்.

"பாப்பா மேல தப்பில்ல. பார்க்காம யாராலயும் சொல்ல முடியாது. நாளைக்கு நிறுத்தி அட்டை கட்டிடணும். ஓட ஓடக் கெட்டுப்போகும். அவ வந்தா அவளுக்குத் தெரியும்."

பின்னால், தூரத்தில், ஒரு பாத்திரத்தின் சத்தம். பிறகு அம்மாவின் குரல், உரக்க: "டீ ஆறுது! ரெண்டு தடவை சூடு பண்ணியாச்சு! பெட்டிகிட்ட பேசினது போதும்!"

"வரேன்."

அங்கே அறுந்தது.

சித்தப்பா ஒரு விரலைத் தூக்கியபடி இருந்தார். அடுத்து வர வேண்டிய இரண்டு வார்த்தைகளுக்காகக் காத்திருந்தார். இருபது வருடம் அந்த வார்த்தைகள் வரும்வரை சுவிட்சில் கை வைக்காமல் நின்றவர். வரவில்லை. விரலை மெதுவாக இறக்கினார். முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்.

அம்மா அழவில்லை. மூக்கை உறிஞ்சினாள்.

"ரெண்டு தடவை இல்ல, மூணு தடவை சூடு பண்ணினேன்" என்றாள். "வரேன்னு சொன்னா அவருக்கு ரெண்டு மணி நேரம். இன்னொரு தடவை போடு."

போட்டேன். மறுபடியும் போட்டேன். ஐந்தாவது தடவைக்குப் பிறகு அவளே மவுஸைப் பிடித்துக்கொண்டாள். நான் பால்கனிக்குப் போய் நின்றேன். கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தேன்.

திரும்பி வந்தபோது சித்தப்பா அட்டையை அம்மாவிடம் கொடுத்துக்கொண்டிருந்தார். கழற்றிய அட்டை கட்டினவர் கைக்குப் போக வேண்டும், இல்லாவிட்டால் அவருடைய வீட்டுக்கு. அம்மா அதைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். முன்னால் அவர் பெயர். பின்னால் நாங்கள் இரண்டு பேர்.

புது டிஸ்க்கை அதன் இடத்தில் நான்கு திருகும் போட்டு முடுக்கினேன். பெயர் எழுதாமல் விட்ட இடத்தில் 'வீடு, இரண்டு' என்று எழுதினேன். எல்லாவற்றையும் என் பென் டிரைவிலும் ஒரு நகல் எடுத்துக்கொண்டேன். அந்த முப்பத்தெட்டு விநாடியை அம்மாவின் போனில் ஏற்றினேன். பழைய டிஸ்க்கை உறையில் போட்டு மேஜை இழுப்பறையில் வைத்தேன். ஆபீஸில் என்றால் துளை போட்டுத் தூக்கி எறிய வேண்டும் என்பது விதி.

மூடியை மாட்டும் முன் டார்ச்சைக் கேட்டு வாங்கினேன். கீழிருந்து மேலாக ஒரு தடவை அடித்துப் பார்த்தேன்.

சமையலறையில் டீக்குப் பாத்திரம் வைக்கும் சத்தம் கேட்டது. அம்மா கத்தினாள்: "ரெண்டு பேரும் வாங்க! ஆறிடும்!"

"வரேம்மா" என்றேன். உடனே எழுந்து போனேன்.